உன் மண்டையில இடம் காலியா இருக்கு

உக்காருங்கண்ணே. அந்த ஸ்டூலு ஆடும், செவத்தோட சாஞ்சு உக்காருங்க. டிஸ்ப்ளே மாத்தியாச்சு, கம்மு காயணும், அதான் ரப்பர் பேண்டு போட்டு வச்சிருக்கேன். இப்பவே எடுத்துட்டுப் போனீங்கன்னா பஸ்ஸு ஒரு குலுக்கு குலுக்குனதும் கண்ணாடி தனியா போனு தனியா வந்துரும். அவசரமோ? ஏதோ விசேஷ வீட்டுக்குப் போறீங்க, வெள்ளச் சட்டையப் பாத்ததுமே கண்டுபிடிச்சுட்டேன். என்னது, கேதமா, சாவு வீட்டுக்குப் போயிட்டு வர்றீங்களா? சரி சரி. கிட்டத்தட்ட அதான்.

எனக்கு மூஞ்சியப் பாத்தா உள்ள என்ன ஓடுதுன்னு தெரிஞ்சிரும்ணே. எல்லாம் ஒரு படம் பாத்துப் பாத்து வந்த பழக்கம். அந்தா செவத்துல பாருங்க, நெத்தி பூரி மாதிரி உப்பிப்போயி ஒரு ஆளு மொறைக்கிறாருல்ல, அவருதான். படத்துப் பேரு ‘மூளைக்காரன் 2’. மொத பாகம் கெடையாது. தேடித் தேடிப் பாத்துட்டேன், அப்படி ஒண்ணு எடுக்கவே இல்ல. ரெண்டுன்னு போட்டா, ஏற்கனவே ஒண்ணு நல்லா ஓடியிருக்கும்போலன்னு ஜனம் நெனைச்சு வரும்ல, அந்த மூளை. எந்த நாட்டுப் படம்னும் தெரியல. வாயி ஒரு பாஷை பேசுது, கடை போர்டுல வேற பாஷை எழுதியிருக்கு, நமக்குக் கேக்குறது தமிழு. டப்பிங்கு.

கதை என்னன்னா, ஒரு விஞ்ஞானி. ஐஸ் பேக்டரி மாதிரி ஒரு எடத்துல ஆராய்ச்சி பண்றாரு. மாதிரி என்ன மாதிரி, ஐஸ் பேக்டரியேதான். பின்னாடி ஒருத்தன் ஐஸ் கட்டிய இழுத்துக்கிட்டுப் போறான், ஷூட்டிங்கு நடக்குதுன்னு அவன்கிட்ட சொல்ல மறந்துட்டாய்ங்க. நம்ம விஞ்ஞானி நீலக் கலருல ஒரு மருந்தக் குடிக்கிறாரு. பாத்ரூம் கழுவுற ஐட்டம்ணே, மூடியக்கூட மாத்தல. குடிச்சதும் நெத்தி உப்புது. உப்ப உப்ப, எதிர்ல இருக்கவன் மனசுல நெனைக்கிறது இவரு காதுல விழுகுது. ட்ராமுல ஏறுறாரு, அத்தன பேரு மனசும் பேசுது. ஒரு போலீஸ்காரன் மனசுக்குள்ள ‘இந்த மாசமும் அரியர் போடல’ன்னு நெனைக்கிறான். வெள்ளைக்காரப் போலீஸ்ணே! அந்த ஒரு சீனுக்கே கோயில் கட்டலாம்.

கோவம் வந்தா மொறைப்பாரு. மொறைச்சா மண்டை வெடிக்கும். மண்டைன்னா தர்பூசணி, மேல விக்கு மாட்டியிருப்பாய்ங்க. வெடிச்சதும் கொட்டை பறக்கும். ஒரு மண்டை உள்ள வெள்ளையா இருக்கும், பழுக்காத காயி. ‘இந்தாளுக்கு மூளை இன்னும் பழுக்கல’ன்னு நான் தியேட்டர்ல சவுண்டு விட்டப்போ, டிக்கெட்டு கிழிக்கிறவரு உள்ள வந்து எனக்குக் கை குடுத்துட்டுப் போனாருண்ணே. இந்த ஊர்ல கமெண்ட்டு காளின்னு கேளுங்க, சொல்லுவாங்க. காளிராஜுன்னு கேட்டா எவனுக்கும் தெரியாது.

வெடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு டயலாக்கு வரும். படத்துக்கே உசுரு அதான். குரல தணிச்சு, ‘உன் மண்டையில இடம் காலியா இருக்கு’ன்னுவாரு. இங்க ஒரு கேப்பு. அந்தக் கேப்புல ஒரு சத்தம், எச்சில் முழுங்குற சத்தம், க்ளக்குன்னு. அப்புறம் மெதுவா, ‘நான் குடி வர்றேன்.’ டமால்.

நான் அதப் பேசுனா நாலு தெரு சிரிக்கும். ஆனா அந்த க்ளக்கு மட்டும் எனக்கு வராதுண்ணே. எவனுக்கும் வராது. என் கூட்டாளி ஜெயக்குட்டி டிரை பண்றேன்னு பொரையேறி, கண்ணு ரெண்டும் வெளிய வந்து, முதுகுல தட்டித்தான் மீட்டோம். ரெக்கார்டிங் பண்ணும்போது டப்பிங் பேசுன ஆளுக்கு நெசமாவே தொண்டை காஞ்சிருக்கும், எடுத்தவன் வெட்டாம விட்டுட்டான். அப்படித்தான் நான் நெனைச்சுக்கிட்டேன்.

டீ சொல்லவா? வேணாமா? வேணும்னுல்ல மூஞ்சி சொல்லுச்சு.

எங்கூர்ல ஞாயித்துக்கெழம மத்தியானம் ஆனா லோக்கல் கேபிள்ல அந்தப் படத்தத்தான் போடுவாய்ங்க. வேற கேசட்டு இருந்திருக்காது. எங்கப்பா லாரி டிரைவரு, வீட்டுல இருக்கறதே அபூர்வம். சொல்லப்போனா எங்கப்பா பேசி நான் கேட்டத விட அந்த மூளைக்காரன் பேசி கேட்டதுதான் அதிகம். காச்சல்ல படுத்தாக்கூட அந்தச் சத்தம் ஓடுனாதான் தூக்கம் வரும். அத விடுங்க, சென்டிமென்ட்டு. மேட்டருக்கு வர்றேன்.

எனக்குப் பொண்ணு பாத்தாங்க. பொன்மலருன்னு பேரு, லேபுல வேல, ஊசி குத்துனா குத்துனதே தெரியாது, அப்படி ஒரு கை. அவ அப்பா ஞானகுரு, கூட்டுறவு சொசைட்டில செக்ரட்டரி. பேச மாட்டாருண்ணே மனுஷன். ‘ம்’ம்பாரு. ரொம்ப சந்தோஷமா இருந்தா ‘சரி’ம்பாரு. பொண்ணு பாக்கப் போனப்போ, நிச்சயத்தப்போ, நான் பேசுறது மட்டுந்தான் கேட்டுச்சு. வாயில்லாப் பூச்சி, நமக்கு ஏத்த மாமனாருன்னு நெனைச்சேன்.

நிச்சயத்தன்னிக்கு சாப்பாட்டுப் பந்தியில எவனோ, மாப்பிள்ளைக்கு எந்தப் படம் புடிக்கும்னு கேட்டான். கேட்டா விடுவேனா? எலையில உக்காந்துக்கிட்டே மூளைக்காரன எடுத்துவிட்டேன். பந்தியே சிரிச்சுச்சு. மாமா பாயச வாளியோட வந்தவரு அப்படியே நின்னுட்டாரு. கரண்டி வாளிக்குள்ளயே இருக்கு, எனக்கு ஊத்தவே இல்ல. நான்கூட, சரி, ரெண்டாவது தடவ ஊத்துனா கொறஞ்சுரும்னு பாக்குறாரு போலன்னு விட்டுட்டேன்.

ஒரு வாரம் கழிச்சு அவரே போன் பண்றாருண்ணே. மொத தடவையா. நம்ம தியேட்டர்ல புதுப்படம் எதுவும் வரல, பழைய டப்பிங் படமா ஓட்டுறாங்க, ஞாயித்துக்கெழம மேட்னி மூளைக்காரனாம், குடும்பத்தோட போவோம், நீங்களும் வாங்கன்னாரு. எங்க பக்கம் நிச்சயம் முடிஞ்ச பொண்ண மாப்பிள்ளையோட தனியா சினிமாவுக்கு அனுப்ப மாட்டாங்க, மாமியா மாமனாரு சேந்துதான் வருவாங்க. அதும் மாப்பிள்ளதான் கூப்புடணும், டிக்கெட்டு எடுக்கணும். இங்க மாமனாரே கூப்புடுறாரு, டிக்கெட்டும் அவரே எடுத்துட்டாரு. என்னைய ரொம்பப் புடிச்சுப்போச்சுன்னு நெனைச்சேன். நெனைக்கிறதுல என்னண்ணே தப்பு?

வந்தாரு பாருங்க. புதுச் சட்டை, பவுடர், தலைக்கு சாயம். நிச்சயத்துக்குக்கூட அப்படி வரல. அத்தை பட்டுச்சேலை. ஏசி ஓடாத தியேட்டருக்குப் பட்டுச்சேலை. நான் அதையும் சொல்லிச் சிரிச்சேன், அத்தை சிரிக்கல, புழுக்கம் போல. உக்காந்த வரிசையச் சொல்லிடுறேன்: அத்தை, பொன்மலரு, நான், எனக்கு அந்தப் பக்கம் மாமா.

படம் ஆரம்பிச்சுச்சு. நானும் ஆரம்பிச்சேன். ஐஸ் பேக்டரிக்காரன் வந்தான், ‘அண்ணே, ஒரு சர்பத்துக்கு ஐஸு’ன்னேன், தியேட்டரே அதிருது. மருந்தக் குடிச்சாரு, ‘கழுவி ஊத்தாம குடிக்கிறியே’ன்னேன், பின்னாடி விசிலு. அன்னிக்கு என்னமோ தெரியலண்ணே, வாயத் தொறந்தாலே சரக்கு. மூளைக்காரன் வாயத் தொறந்ததும், அந்தக் குரலு மேலயும் ஏறுனேன். மண்ணு விழுந்த கிரைண்டரு மாதிரி இருக்கு, வாச்மேன் வேலைக்கு வந்தவனப் புடிச்சு மைக்கு முன்னாடி நிறுத்திட்டாய்ங்கன்னேன். கீழ பெஞ்சு டிக்கெட்டுல உருண்டு பெரண்டு சிரிக்கிறாய்ங்க.

பொன்மலரு என் கையக் கிள்ளுனா. நெகத்தோட. நான் நெனைச்சேன், புள்ளைக்கு ஆசையப் பாரேன், அப்பன் ஆத்தா பக்கத்துல இருக்கும்போதேன்னு. இன்னும் ரெண்டு கமெண்டு சேத்து விட்டேன். இன்னும் பலமா கிள்ளுனா. ரத்தமே வந்துருச்சு. ஊசி குத்துனா தெரியாத கையின்னு சொன்னேன்ல, அந்தக் கைதான்.

இன்டர்வெல்லு. மாமா எல்லாருக்கும் பப்ஸ் வாங்கிட்டு வந்தாரு. குடுத்துட்டு, எனக்கு எதிர்ல நின்னு, தொண்டையக் கனைச்சுக்கிட்டு, “மாப்பிள்ளை, இந்தப் படத்துல அந்தக் குரலு...”ன்னு ஆரம்பிச்சாரு.

அவரா பேச ஆரம்பிக்கிறாரு, ஆச்சரியந்தான். ஆனா குரலப் பத்தின்னதும் எனக்கு வாய் நிக்கல. “குரலா மாமா? அதச் சொல்லுங்க”ன்னு புடிச்சுக்கிட்டேன். அந்தாளு யாரு, எங்க இருப்பான், எந்த ஓட்டல்ல மாவாட்டுவான், ஒரு படத்தோட விட்டாய்ங்களே அதுக்கு தமிழ்நாடு கடமைப்பட்டிருக்குன்னு. பெல்லு அடிக்கிற வரைக்கும் பேசுனேன். மாமா கையில பப்ஸு அப்படியே இருந்துச்சு. ஒரு கடி கடிக்கல. கடைசில “சரி”ன்னாரு. ரொம்ப சந்தோஷமா இருந்தா ‘சரி’ம்பாருன்னு சொன்னேன்ல? அதான் எனக்கும் திருப்தி.

ரெண்டாவது பாதி. க்ளைமாக்ஸு நெருங்குது. நெத்தி கொடம் மாதிரி ஆயிருச்சு. மூளைக்காரன் பொண்டாட்டிக்கு முன்னாடி நின்னு ஒரு நீள டயலாக்கு பேசுவாரு. அந்த எடத்துல, கரெக்டா அந்த எடத்துல, சவுண்டு புட்டுக்கிச்சு. படம் ஓடுது, வாயசையுது, சத்தம் இல்ல. ஜனம் கத்துறாய்ங்க. ஆபரேட்டர திட்டுறாய்ங்க. ‘காளி, நீ பேசுடா’ன்னு கீழ இருந்து ஒருத்தன். நானும் எந்திரிச்சு நின்னு தொண்டையச் சரி பண்றேன்.

அப்பப் பக்கத்துச் சீட்டுல இருந்து குரலு வருதுண்ணே.

சத்தமா இல்ல. சாதாரணமா. மாமா சீட்டுல உக்காந்தபடியே திரையப் பாத்துக்கிட்டே பேசுறாரு. வாயசைப்புக்கு ஒரு எழுத்து முன்ன இல்ல, பின்ன இல்ல. “ஊர்ல இருக்க அத்தன பேரு மனசையும் படிச்சேன். என் மனச மட்டும் எவனும் ஒரு வரி படிக்கலையே.” படத்துலயே மகா மட்டமான டயலாக்கு அதாண்ணே, நான் எப்பவும் விழுந்து விழுந்து சிரிப்பேன். அன்னிக்கு ஒருத்தனும் சிரிக்கல. பெஞ்சு டிக்கெட்டுக்காரன் எல்லாம் திரும்பி எங்க வரிசையப் பாக்குறாய்ங்க. எனக்கு முடியெல்லாம் குத்திட்டு நிக்குது. ஏசிய திடீர்னு போட்டுட்டாய்ங்க போல.

டயலாக்கு முடிஞ்சுச்சு. ஏதாவது சொல்லணும்ல, எல்லாரும் நம்மளையே பாக்குறாய்ங்க, கமெண்ட்டு காளி சும்மா இருந்தான்னு இருக்கக் கூடாதுல்ல. மாமா தோள்ல ஒரு தட்டு தட்டி, “மாமா, மிமிக்ரி சுமார். தொண்டை பத்தல, இன்னும் அடிவயித்துல இருந்து வரணும்”னேன்.

சிரிச்சாய்ங்கண்ணே. நல்லா சிரிச்சாய்ங்க. சவுண்டும் வந்துருச்சு. மாமா எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. பெரிய தர்பூசணி வெடிக்கிறதுக்கு முன்னாடி! அந்த சீன விட்டுட்டு எவனாச்சும் போவானா? அத்தையும் பின்னாடியே போயிட்டாங்க. நான் முழுசா பாத்துட்டுத்தான் வந்தேன்.

வெளிய சைக்கிள் ஸ்டாண்டுகிட்ட பொன்மலரு மட்டும் நிக்கிறா. கண்ணு செவந்திருக்கு.

“அது எங்கப்பா”ன்னா.

“ஆமா, உங்கப்பாதான் மிமிக்ரி பண்ணாரு. எனக்குத் தெரியாதா?”

“படத்துல பேசுனது எங்கப்பா. லூசு.”

சின்ன வயசுல நடிக்கணும்னு மெட்ராஸ் போயிருக்காரு மனுஷன். வருஷக்கணக்கா அலைஞ்சிருக்காரு. கெடைச்சது இந்த ஒரு டப்பிங்குதானாம். திரும்பி வந்து சொசைட்டில சேந்தவரு அதப் பத்தி வெளிய மூச்சு விடல. வீட்டுக்குள்ள மட்டுந்தான் தெரியும். ஊர்ல மொத தடவையா ஒருத்தன், அதும் வரப்போற மருமகன், அந்தப் படந்தான் புடிக்கும்னு சொன்னதும், அன்னிக்கு ராத்திரி தூங்கவே இல்லையாம். இன்டர்வெல்லுல சொல்லணும்னு கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாத்தாராம்.

அதக் கேட்டதும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமாண்ணே? குதிச்சேன். சைக்கிள் ஸ்டாண்டுலயே குதிச்சேன். மூளைக்காரனோட மருமகன்ணே நான்! எவனுக்குக் கெடைக்கும்? உடனே போனப் போட்டு ஜெயக்குட்டிக்குச் சொன்னேன். சொல்லிட்டுத் திரும்புறேன், பொன்மலரக் காணோம். ஆட்டோ ஏறிப் போயிட்டா.

என்னண்ணே? மாமாவப் போயிப் பாத்தியாவா? பாக்காம இருப்பேனா? சும்மா வெறுங்கையோட போனா மரியாதையா இருக்காதுன்னு ஏற்பாடு பண்ணிட்டுத்தான் போனேன். அத ஏன் கேக்குறீங்க. ஃப்ளெக்ஸு. நிச்சய ஆல்பத்துல இருந்து மாமா போட்டோவ எடுத்து, நெத்திய மட்டும் கம்ப்யூட்டர்ல உப்ப வச்சு, சுத்தி மின்னலு. ‘மண்டைகளின் மன்னன், மூளைக்காரனின் குரல்வளை, எங்கள் மாமா ஞானகுரு.’ கீழ ‘இவண் கமெண்ட்டு காளி மற்றும் கடல் கடந்த ரசிகர்கள்’. வாழ்த்துச் சொல்றவங்களுக்கு வசதியா மாமா நம்பரையும் போட்டுட்டேன். ஒண்ணு வீட்டு முன்னாடி, ஒண்ணு சொசைட்டி வாசல்ல. காலைலயே பயலுகள கூட்டிட்டுப் போயி பாலு ஊத்துனோம். திருஷ்டிக்கு எல்லாரும் பூசணிக்கா ஒடைப்பான், நாங்க வாசப்படியில தர்பூசணி ஒடைச்சோம், விக்கு மாட்டி. அதுல எவ்வளவு யோசனை இருக்கு பாருங்க. ஒரு பெரிய ஹீரோவுக்குக்கூட எவனும் அப்படிச் செஞ்சதில்ல.

மாமா கதவத் தொறந்து பாத்தாரு. ஃப்ளெக்ஸப் பாத்தாரு. தர்பூசணியப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. ‘ம்’முன்னுகூட சொல்லல. உள்ள போயி கதவச் சாத்திட்டாரு. கூச்ச சுபாவம்ல. அத்தைதான் தொடைப்பத்தோட வந்தாங்க, கொட்டையெல்லாம் கூட்டித் தள்ளுனாங்க, எங்களையும் சேத்து.

அப்புறம் என்ன, உரத்துக்கு லோன் கேக்க வர்றவன்கூட, ‘செக்ரட்டரி சார், ஒரு தடவ குடி வர்றேன்னு சொல்லுங்க’ன்னு கேக்குறானாம். விடியக்காலம் போனு, சாப்புடும்போது போனு, எடுத்தா எவனோ ஒருத்தன் அவருகிட்டயே அவரு டயலாக்கப் பேசுறான். சிம்ம கழட்டிப் போட்டுட்டாரு. புது நம்பர் வாங்கியிருக்காராம், பொன்மலரு எனக்குத் தர மாட்டேன்னுட்டா. ஆவணியில கல்யாணம்ணே. இன்னும் பத்திரிகை அடிக்கல. அவரு ‘சரி’ன்னாதான் அடிக்கணும், இல்லேன்னா இல்லையாம். ஒரே ஒரு மெசேஜு போட்டா: ‘அப்பா மனசு ஆறுனா அவராவே உன்கிட்ட பேசுவாரு. அவரு பேசுற அன்னிக்கு வாய மூடிக்கிட்டுக் கேளு. அதுவரைக்கும் எதுவும் பண்ணாத.’

எதுவும் பண்ணலண்ணே. போன கையில வச்சுக்கிட்டே உக்காந்திருக்கேன். குளிக்கப் போனாக்கூட பாலிதீன் கவர்ல போட்டு உள்ள எடுத்துட்டுப் போறேன். பொன்மலரு இல்லேன்னா... சரி அத விடுங்க. நான் என்ன தப்புப் பண்ணேன்னு ஒருத்தன் சொல்லட்டும். புடிச்சத்தானண்ணே கிண்டல் பண்ணுவோம்? புடிக்காததப் பத்தி நான் ஏன் தொண்டை தண்ணி வத்தப் பேசப்போறேன்?

என்ன? காச்சல்ல அந்தக் குரலக் கேட்டாதான் தூக்கம் வரும்னு சொன்னேனே, அத அவருகிட்ட சொன்னியாவா? எதுக்குண்ணே அதெல்லாம்? ஆம்பளைக்கு ஆம்பள எப்படிண்ணே? அதுக்குப் பதிலாத்தான ஃப்ளெக்ஸு வச்சேன்.

இருங்கண்ணே, போனு. ஏதோ புது நம்பரு. ஹலோ. ஹலோ, யாருங்க? பேசுங்க, கடையில ஆளு இருக்காங்க. ஹலோ...

டேய். டேய் போதும்டா. தொண்டை பத்தலடா, இன்னும் அடிவயித்துல இருந்து வரணும். வைடா போன.

பாத்தீங்களா? இதான் இப்ப என் பொழப்பு. விஷயம் ஊருக்கே தெரிஞ்சுபோச்சுல்ல, அவரு சிம்ம மாத்துனதும் எல்லாப் பயலும் எனக்கு அடிக்கிறாய்ங்க. அதே டயலாக்கு. நான் மாமா போனுக்கு காத்துக்கிட்டிருக்கேன், நடுவுல இவிங்க லைன புடிச்சுக்கிட்டு.

ஆனா இவன் பரவால்லண்ணே. மொதல்ல கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் வந்துச்சு, பேசலாமா வேணாமான்னு யோசிக்கிற மாதிரி. டயலாக்கச் சொல்லிட்டு லேசா சிரிச்சான். அது படத்துல கெடையாது, இவனாச் சேத்தது. ஆனா நடுவுல அந்த க்ளக்கு. அப்படியே போட்டுட்டான்ணே. எவனுக்கும் வராதுன்னு சொன்னேன்ல, எத்தன நாளு உக்காந்து பழகுனானோ, பயபுள்ள.

என்னண்ணே அப்படிப் பாக்குறீங்க? சொல்லாதீங்க, சொல்லாதீங்க. உங்க மனசுல என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியும்.

கம்மு காஞ்சிருச்சு. இந்தாங்க.